சயாம் ரயிலில் ஏறினேன்



"சார், அந்தச் சயாம் ரயில் இப்பவும் ஓடுதா?"

வரலாற்றுப் பாடவேளையில் கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவன் இப்படிக் கேட்டான். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஒரு ரயில் பாதை போட்டார்கள். அதைப் போட நம் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேரைக் கொண்டு போனார்கள். பெரும்பாலோர் திரும்பி வரவில்லை. பாடப் புத்தகத்தில் இருப்பதை இப்படிச் சொல்லி முடித்துவிட்டேன். பையனோ பாதையோடு நிற்கவில்லை, ரயிலைக் கேட்டுவிட்டான். எனக்கு விடை தெரியவில்லை. "பார்த்துச் சொல்றேன்பா" என்று சமாளித்தேன்.

சமாளித்தேனே தவிர மனம் ஒப்பவில்லை. ஏனென்றால் அந்த ரயிலில் போனவர்களில் என் பாட்டியின் தகப்பனாரும் ஒருவர். ஆகவே கடந்த ஆண்டிறுதி விடுமுறையில் ஆசிரிய நண்பர்கள் மூவருடன் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் புறப்பட்டேன். அங்குள்ள ரயில் அருங்காட்சியகங்களைப் பார்த்தோம். மலையை ஒட்டி ஓடும் அந்த ரயிலிலும் ஏறினோம். கண்டதையும் அறிந்ததையும் இந்தப் பரிசளிப்பு விழா மலரின் வாயிலாக உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பாட்டியின் சொல்

புறப்படுவதற்கு முன் பாட்டியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். பாட்டிக்குத் தொண்ணூறு வயது நெருங்குகிறது. காது மந்தம், நினைவு மட்டும் கூர்மை.

"எதுக்கய்யா அங்க போற? போனவங்க யாரு திரும்பி வந்தா?" என்றார்.

"இப்ப அது சுற்றுலா இடம் பாட்டி. வெள்ளைக்காரங்க எல்லாம் போட்டோ எடுத்துக்கிட்டு வர்றாங்க" என்றேன்.

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சாமி மேடையிலிருந்து ஒரு சிறு பொட்டலம் எடுத்துத் தந்தார். உள்ளே திருநீறும் நாலு கட்டிச் சூடமும் இருந்தன. "எங்கயாவது ஒரு எடத்துல எங்கப்பாவ நெனச்சு ஏத்திட்டு வா. அவருக்குன்னு யாரும் ஒண்ணும் செய்யல" என்றார்.

1943-ஆம் ஆண்டு பொங்கல் கழிந்து சில நாட்களில் அவரைக் கொண்டு போனார்களாம். பாட்டிக்கு அப்போது ஏழு வயது. "மூணு மாசம், காசு சேர்த்துக்கிட்டு வந்துருவேன்" என்று தலையைத் தடவிவிட்டு லாரியில் ஏறினாராம். அவரோடு போன தோட்டத்துக்காரர்களில் ஒரே ஒருவர்தான் போர் முடிந்து வந்து சேர்ந்தார். காலெல்லாம் புண். "உங்கப்பாவுக்கு வாந்திபேதி கண்டுச்சு" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லையாம். எங்கே, எந்த மாதம், யார் அடக்கம் செய்தார்கள் என்று கேட்டால் எழுந்து போய்விடுவாராம்.

ஏன் போட்டார்கள் இந்தப் பாதையை?

மாணவர்களுக்காக வரலாற்றைச் சற்றுச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையேறியது. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதே ஆண்டில் பர்மாவும் அவர்கள் கைக்குப் போயிற்று. பர்மாவில் இருந்த படைக்கு அரிசி, மருந்து, துப்பாக்கி, குண்டு எல்லாம் அனுப்பியாக வேண்டும். மலாக்கா நீரிணையைச் சுற்றிக் கப்பலில் அனுப்பினால் நேச நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்கள் மூழ்கடித்துவிடும் என்ற பயம். ஆகவே தரை வழியாகவே ஒரு பாதை தேவைப்பட்டது.

சயாமில் நோங் பிளாடுக், பர்மாவில் தன்பியூசயாட். இவ்விரண்டுக்கும் இடையே 415 கிலோமீட்டர். நடுவே மலை, மூங்கில் காடு, ஆறு, மலேரியா. இப்படி ஒரு பாதையைப் போடலாமா என்று பிரிட்டிஷ்காரர்கள் முன்பே யோசித்துப் பார்த்து, ஆகாத வேலை என்று கைவிட்டிருந்தார்கள். ஜப்பானியரோ 1942-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இரு முனைகளிலிருந்தும் வேலையைத் தொடங்கினார்கள். 1943 அக்டோபர் 17-ஆம் நாள் கொன்கொய்த்தா என்னும் இடத்தில் இரு பக்கத்துத் தண்டவாளங்களும் சந்தித்தன. ஏறக்குறைய 16 மாதங்களில் வேலை முடிந்தது.

தண்டவாளத்துக்கு எங்கே போனார்கள் தெரியுமா? நம் நாட்டுக்கே வந்தார்கள். மலாயா ரயிலும் சயாம் ரயிலும் பர்மா ரயிலும் ஒரே ஒரு மீட்டர் அகலப் பாதை. ஆகவே இங்கே பெயர்த்தால் அங்கே பொருந்தும். கிழக்குக்கரைப் பாதையின் நீண்ட பகுதியைப் பெயர்த்தார்கள். தம்பினிலிருந்து மலாக்காவுக்குப் போன கிளைப் பாதையையும் பெயர்த்தார்கள். கிழக்குக்கரைப் பாதையைப் போருக்குப் பிறகு மறுபடியும் போட்டுவிட்டார்கள். மலாக்காப் பாதை போனது போனதுதான். இன்றைக்கும் மலாக்கா நகருக்கு ரயில் கிடையாது. இரும்பைக் கொண்டு போனது போலவேதான் ஆட்களையும் கொண்டு போனார்கள்.

வேலைக்கு முதலில் போர்க் கைதிகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். பிரிட்டிஷ்காரர், டச்சுக்காரர், ஆஸ்திரேலியர், சில நூறு அமெரிக்கர் என்று 60,000-க்கும் மேற்பட்டோர். அவர்கள் போதவில்லை. 1943-இல் பாதையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று மேலிடத்துக் கட்டளை வந்ததும், ஆசியத் தொழிலாளர்களைத் திரட்டினார்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், தமிழர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்டோர் போனதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டத் தமிழர்கள்.

போனார்களா, கொண்டு போனார்களா?

இரண்டும்தான். போர் வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது. பால் வெட்டி யாருக்கு விற்பது? தோட்டங்களில் வேலை குறைந்தது. அரிசி கிடைக்கவில்லை, மரவள்ளிக்கிழங்கே சாப்பாடு. கட்டத் துணி இல்லை. அப்போதுதான், சயாமில் மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு, வீடு, மருந்து எல்லாம் இலவசம் என்று அறிவிப்பு வந்தது. பசியில் கிடந்தவன் நம்பினான்.

முதலில் போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. பிறகு யாரும் முன்வரவில்லை. அதன் பின்னர் தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குக் கொடுத்துப் பிடித்தார்கள். இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டி, வாசலை அடைத்து, லாரியில் ஏற்றிய சம்பவங்களும் நடந்தன. சந்தைக்குப் போனவர்கள் சந்தையிலிருந்தே போனார்கள். சில லயங்களில் ஆண்களே இல்லாமல் போயிற்று.

பான் போங்கைக் கடந்த காலை

நாங்கள் பாடாங் பெசாரில் மாலை ரயில் ஏறினோம். படுக்கை வசதி, சுத்தமான போர்வை, சாப்பாடு. இரவெல்லாம் தென் தாய்லாந்தைக் கடந்து ரயில் ஓடியது. காலையில் பணியாளர் வந்து படுக்கைகளை மடித்து இருக்கைகளாக்கினார். கோப்பி குடித்துக்கொண்டு சன்னல் வழியே பார்த்தால், 'பான் போங்' என்று பெயர்ப்பலகை.

கையில் கோப்பியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 1943-இல் இந்த நிலையத்தில்தான் சரக்குப் பெட்டிகளின் கதவைத் திறந்தார்கள். சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்த இரும்புப் பெட்டிகள். பகலில் அடுப்பாகக் காயும், இரவில் குளிரும். ஒரு பெட்டிக்கு முப்பது பேர்போல் அடைத்தால் படுக்க இடமேது? நாலைந்து நாள் பயணம். இங்கே இறங்கியவர்களில் பலர், வேலை செய்ய வேண்டிய இடத்துக்கு நடந்தே போனார்கள். சிலருக்கு அது 100 கிலோமீட்டர். சிலருக்கு 200-க்கும் மேல்.

எங்கள் வண்டி அந்த நிலையத்தை ஒரு நிமிடத்தில் கடந்துவிட்டது. நக்கோன் பாத்தோமில் இறங்கி, வேன் பிடித்துக் காஞ்சனபுரி போய்ச் சேர்ந்தோம். 'காஞ்சனம்' என்றால் பொன். பொன்னூர் என்று பெயர் வைத்த ஊர். பெயரும் அழகு, ஊரும் அழகு. இரண்டு ஆறுகள் கூடும் இடம். பெரிய ஆறு குவே யாய், சின்ன ஆறு குவே நொய்.

அருங்காட்சியகத்தில் பெயர்கள்

காஞ்சனபுரியில் ரயில் பாதையைப் பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட அருங்காட்சியகங்கள் உள்ளன. பழையது ஜீத் போர் அருங்காட்சியகம். ஆற்றங்கரையில் ஒரு புத்த விகாரையின் வளாகத்தில், அங்குள்ள தலைமைப் பிக்குவின் முயற்சியால் 1977-இல் அமைந்தது. கைதிகள் தங்கிய அத்தாப்புக் கொட்டகை எப்படி இருந்ததோ, அப்படியே மூங்கிலால் கட்டி வைத்திருக்கிறார்கள். நீளமான மூங்கில் தட்டி. அதில்தான் வரிசையாகப் படுக்கை. பார்த்த உடனே எனக்குப் பழைய லயமும் ஆயாக்கொட்டகையும் நினைவுக்கு வந்தன.

'ஜீத்' என்பது ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து வைத்த பெயர். ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தாய்லாந்து, ஹாலந்து ஆகிய நாடுகளைக் குறிக்கிறது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மலாயாவுக்கு எழுத்து இல்லை. இந்தியாவுக்கு எழுத்து இல்லை. பர்மாவுக்கும் ஜாவாவுக்கும்கூட இல்லை. குறை சொல்லுவதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பிக்கு அந்நாளில் அக்கறையோடு செய்த பணி அது. என்றாலும் அதிகம் பேரை இழந்தவர்களின் எழுத்து அதில் இல்லையே என்று மனம் கனத்தது.

மற்றொன்று தாய்லாந்து–பர்மா ரயில்வே மையம். போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே 2003-இல் திறக்கப்பட்டது. வரைபடங்கள், கருவிகள், பாலத்தின் ஆணிகள், கைதிகள் பயன்படுத்திய தட்டு, கரண்டி எல்லாம் ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். ஆசியத் தொழிலாளர்களைப் பற்றியும் சொல்லியிருக்கிறார்கள். அதில் நமக்கு ஓர் ஆறுதல்.

மேல்மாடிக்குப் போய்ச் சன்னல் வழியாகப் பார்த்தால் எதிரே கல்லறைத் தோட்டம் தெரிகிறது. வெட்டிய புல், பூச்செடி, வரிசை வரிசையாகக் கற்கள். ஏறக்குறைய 7,000 பேர் அங்கே துயில்கிறார்கள். கல்லுக்குக் கல் பெயர், படைப்பிரிவு, வயது, இறந்த நாள். இருபத்திரண்டு வயது, இருபத்து நான்கு வயது என்று படித்துக்கொண்டே நடந்தோம். எங்களோடு வந்த ஆசிரியை ஒருவருக்கு அந்த வயதில் மகன் இருக்கிறான். அவர் பாதியிலேயே நின்றுவிட்டார். யாருடைய பிள்ளையானால் என்ன? பிள்ளை பிள்ளைதானே.

கணக்கைப் பாருங்கள். போர்க் கைதிகளில் இறந்தவர்கள் 12,000-க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது பலரும் கூறும் மதிப்பு. முன்னதற்குக் கல் இருக்கிறது. பின்னதற்கு எண்கூடச் சரியாக இல்லை.

ஏன் இந்த வேறுபாடு? கைதிகள் படைவீரர்கள். அடிமைப்பட்டிருந்தாலும் அவர்களுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று கட்டளையிட ஆள் இருந்தது. இன்னார் இன்ன நாளில் இறந்தார் என்று ஒளித்து ஒளித்து எழுதி வைத்தார்கள். போர் முடிந்ததும் அந்தப் பட்டியலைக் கொண்டே கல்லறைகளைத் தேடி எடுத்தார்கள். நம்மவர்களுக்கோ கூட்டிப் போன கங்காணிகூடத் துணைக்கு இல்லை. மருத்துவரும் இல்லை, எழுதி வைக்க ஆளும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது அவர்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். சேர்த்துப் புதைத்தார்கள் அல்லது எரித்தார்கள். 1990-ஆம் ஆண்டில் காஞ்சனபுரியில் ஓரிடத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒன்றாகக் கிடைத்தன. ஆசியத் தொழிலாளர்களுடையவை என்று கருதுகிறார்கள். பெயர் யாருக்குத் தெரியும்?

பாலமும் படமும்

மாலையில் பாலத்துக்குப் போனோம். இதுதான் உலகப் புகழ் பெற்ற குவாய் நதிப் பாலம். முதலில் 1943-இன் தொடக்கத்தில் மரப்பாலம் கட்டி, பிறகு சில மாதங்களில் இரும்புப் பாலம் அமைத்தார்கள். இரும்புச் சட்டங்களை ஜாவாவிலிருந்து கொண்டு வந்தார்கள். நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டுச் சிலவற்றைத் தகர்த்தன. வளைந்த சட்டங்கள் பழையவை. நடுவில் நேராக இருக்கும் இரண்டும் போருக்குப் பின் வைத்தவை. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஒரு பாலத்திலேயே வரலாறு எழுதியிருப்பது தெரியும்.

1957-இல் வந்த ஆங்கிலப் படத்தால்தான் பாலத்துக்கு இவ்வளவு புகழ். வேடிக்கை என்னவென்றால் படத்தை இங்கே எடுக்கவே இல்லை. இலங்கையில் கித்துல்கல என்னும் ஊரில் எடுத்தார்கள். ஆற்றின் பெயரும் அப்போது வேறு. பாலத்தின் கீழ் ஓடியது மே குலோங் ஆறு. படம் பார்த்துவிட்டு 'குவாய் எங்கே, குவாய் எங்கே' என்று வெளிநாட்டார் கேட்டு வந்ததால், 1960-களில் அந்தப் பகுதிக்குக் 'குவே யாய்' என்று பெயரையே மாற்றிவிட்டார்கள். ஒரு கதைக்கு எவ்வளவு வலிமை பாருங்கள்! கதை இருந்தால் ஆறுகூடப் பெயர் மாற்றிக்கொள்கிறது. கதை இல்லாதவர்களுக்கு இருந்த பெயரும் போய்விடுகிறது.

பாலத்தருகே ஒரு பழைய நீராவி இஞ்சின் நிற்கிறது. 'சி 56' என்னும் ஜப்பானிய வகை. இந்த வகையில் 90 இஞ்சின்களைப் போர்க்காலத்தில் தென்கிழக்கு ஆசியாவுக்குக் கொண்டு வந்தார்கள். அவற்றில் ஒன்றை 1979-இல் ஜப்பானுக்கே திருப்பிக் கொண்டு போய்த் தோக்கியோவில் யாசுகுனி ஆலயத்தின் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். இஞ்சின்களுக்கெல்லாம் எண் உண்டு. ஆகவே எது எங்கே போயிற்று, எங்கே நிற்கிறது என்று இன்றைக்கும் சொல்ல முடிகிறது.

மலையோரம் ஓடும் ரயில்

மறுநாள் காலை பத்தரை மணி வாக்கில் காஞ்சனபுரி நிலையத்தில் ரயில் ஏறினோம். மூன்றாம் வகுப்பு, மர இருக்கை, திறந்த சன்னல், மேலே மின்விசிறி. வெளிநாட்டாருக்கு நூறு பாட் கட்டணம். முறுக்கிய வாழைக்காய் வறுவலும் ஐஸ் தண்ணீரும் விற்றுக்கொண்டு பெண்கள் ஏறினார்கள். பள்ளிப் பிள்ளைகள், காய்கறி மூட்டைக்காரர்கள், எங்களைப் போன்ற சுற்றுலாக்காரர்கள் என்று பெட்டி நிறைந்துவிட்டது.

வண்டி முதலில் அந்தப் பாலத்தின் மேல் நடை வேகத்தில் போனது. பிறகு கரும்புக் காடு. அதன் பிறகு, நம்புவீர்களோ இல்லையோ, ஏக்கர் கணக்கில் மரவள்ளி! ஜப்பான்காரன் காலத்தில் நம்மவர்கள் உயிர் பிழைத்த அதே கிழங்கு, பாதையின் இரு பக்கமும் பச்சைப் பசேலென்று நிற்கிறது. சற்றுத் தள்ளி மலை தொடங்கிவிட்டது. சுங்கை எனும் இடத்தில் பாறையைப் பிளந்து வழி செய்திருக்கிறார்கள். கையை நீட்டினால் கல்லைத் தொடலாம் போல ரயில் உரசிக்கொண்டு போகிறது.

ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் தாம் கிராசே வந்தது. இதுதான் இந்தப் பயணத்தின் உச்சம். ஒரு பக்கம் செங்குத்தான பாறை. மறு பக்கம் கீழே குவே நொய் ஆறு. இரண்டுக்கும் நடுவே பாதைக்கு இடமே இல்லை. ஆகவே பாறையை ஒட்டி மரத்தூண்களை நிறுத்தி, அவற்றின் மேல் தண்டவாளத்தைப் போட்டிருக்கிறார்கள். வாம்போ மரப்பாலம் என்று அதற்குப் பெயர். வளைந்து வளைந்து போகிறது. ரயில் ஊர்ந்தது. மரம் முனகும் சத்தம் கேட்டது. ஆற்றில் தெப்ப வீடுகள், எதிர்க்கரையில் நீல மலை, வெயிலில் மின்னும் தண்ணீர். உள்ளதை மறைக்காமல் சொல்லுகிறேன்: அவ்வளவு அழகு! எல்லாரும் சன்னலில் தலையை நீட்டிப் படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன்.

எடுத்துவிட்டுத்தான் வெட்கப்பட்டேன். இந்த மரத்தைச் சுமந்தவன் இந்த ஆற்றை அழகு என்று பார்த்திருப்பானா? பக்கத்தில் இருந்த நண்பர் சொன்னார்: "சார், அழகா இருக்குன்னு சொல்றது தப்பில்ல. அவங்க போட்ட பாதையாலதான் நாம இதப் பார்க்கிறோம். அத மறந்துட்டாத்தான் தப்பு." அவர் கணிதம் போதிப்பவர். அன்றைக்கு எனக்கு வரலாறு போதித்தார்.

பகல் பன்னிரண்டரை மணிக்கு மேல் நாம் தொக் நிலையம். அத்துடன் ரயில் நின்றுவிடுகிறது. போருக்குப் பின் பிரிட்டிஷ்காரர் இந்தப் பாதையைத் தாய்லாந்து அரசுக்கு விற்றார்கள். தாய்லாந்து ரயில்வே கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்செய்து, 1958-இல் நாம் தொக் வரை திறந்தது. நோங் பிளாடுக்கிலிருந்து 130 கிலோமீட்டர். அதற்கு அப்பால் தண்டவாளங்களைப் பெயர்த்தாயிற்று. ஒரு பகுதி காடாகிவிட்டது. இன்னொரு பகுதி 1980-களில் கட்டிய அணையின் நீர்த்தேக்கத்துக்குள் கிடக்கிறது.

நரக நெருப்புக் கணவாய்

நாம் தொக்கிலிருந்து வாடகை வண்டியில் மேலும் போனால் 'நரக நெருப்புக் கணவாய்'. இங்கே ஆஸ்திரேலிய அரசு 1998-இல் ஒரு நினைவு அருங்காட்சியகம் அமைத்துள்ளது. அங்கிருந்து படிக்கட்டு வழியாக மூங்கில் காட்டுக்குள் இறங்கிப் பழைய பாதைக்குப் போக வேண்டும்.

பாறையைக் கிட்டத்தட்ட 75 மீட்டர் நீளத்துக்கு, ஆழமான இடத்தில் 25 மீட்டர் வரை வெட்டியிருக்கிறார்கள். இயந்திரம் மிகக் குறைவு. ஒருவன் உளிக்கம்பியைப் பிடித்துக்கொள்வான். இன்னொருவன் சம்மட்டியால் அடிப்பான். அடிக்கு அடி கம்பியைத் திருப்ப வேண்டும். துளை விழுந்ததும் வெடி வைப்பார்கள். உடைந்த கல்லைக் கையாலும் கூடையாலும் அள்ளிக் கொட்ட வேண்டும். 1943 ஏப்ரலில் தொடங்கி, இரவிலும் மூங்கில் தீப்பந்தம் கொளுத்தி வேலை வாங்கினார்கள். அந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமாக ஆட்கள் அசைவதைப் பார்த்துத்தான் கைதிகள் இப்பெயரை வைத்தார்கள். பெரும்பாலும் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகள் வெட்டிய இடம் இது. பின்னர் ஆசியத் தொழிலாளர்களையும் இங்கே கொண்டு வந்து சேர்த்தார்கள்.

பாறையில் இன்னும் உளித்துளைகள் இருக்கின்றன. ஒன்றில் விரலை வைத்துப் பார்த்தேன். உள்ளே ஈரம். வெள்ளைக்காரன் அடித்த துளையா, தமிழன் அடித்த துளையா, கல்லுக்குத் தெரியாது.

சூடம் ஏற்றிய இடம்

பொட்டலம் இன்னும் என் பையிலேயே இருந்தது. எங்கே ஏற்றுவது? கல்லறைத் தோட்டம் அவருடைய இடம் இல்லை. ஆற்றங்கரையில் ஏற்றலாமா என்று யோசித்தோம். மலேசியத் தமிழர்களும் தாய்லாந்துத் தமிழர்களும் எடுத்த முயற்சியால், 2023-இல் காஞ்சனபுரியில் ஒரு புத்த விகாரை வளாகத்தில் நம்மவர்களுக்கு ஒரு நடுகல் நாட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவது தமிழனின் பழைய வழக்கம். இவர்கள் வேல் பிடித்தவர்கள் அல்லர், மண்வெட்டி பிடித்தவர்கள். எண்பது ஆண்டு கழித்தாவது கல் வந்ததே! திருநீற்றை வைத்துச் சூடத்தை ஏற்றினேன். பெயரைச் சொல்லிக் கும்பிட வாயைத் திறந்தேன். அப்போதுதான் தெரிந்தது, எனக்கு அவர் பெயர் தெரியாது. 'பாட்டியோட அப்பா' என்று மட்டும் சொல்லிக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அருங்காட்சியகத்தில் பெயரில்லை என்று குறைப்பட்டுக்கொண்ட நான்! கொள்ளுப்பேரனாகிய எனக்கே தெரியாத பெயரைக் காஞ்சனபுரியில் யார் எழுதி வைப்பார்?

அட்டையில் இருந்த பெயர்

திரும்பி வந்த அன்றைக்கே பாட்டியிடம் போனேன்.

"பாட்டி, உங்கப்பா பேரு என்ன?"

"அப்பான்னுதானே கூப்பிட்டேன். அம்மா எந்தக் காலத்துல பேரு சொன்னாங்க? புருஷன் பேரச் சொல்ல மாட்டாங்களே" என்றார். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பழைய பணப்பையை எடுத்து, தம்முடைய அடையாள அட்டையை என் கையில் வைத்தார்.

பாட்டியின் பெயர். அடுத்து 'ஏ/பி' என்ற எழுத்துகள். அதற்குப் பிறகு ஒரு பெயர்.

1948-இல் மலாயா முழுவதும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களைப் பதிந்தபோது பாட்டியையும் பதிந்திருக்கிறார்கள். தகப்பன் பெயரைக் கேட்டபோது கொள்ளுப்பாட்டி வாய் திறக்கவில்லையாம். பக்கத்து லயத்துப் பெரியவர் ஒருவர்தான் சொன்னாராம். கிராணி எழுதினாராம். அந்தப் பெரியவர் அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தால் இந்தப் பெயரும் போயிருக்கும்.

அந்த மனிதர் இருந்ததற்கு உலகத்தில் உள்ள ஒரே எழுத்துச் சான்று, அவர் மகளின் அட்டையில் அந்த ஒரு சொல். நான் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மருத்துவமனையில், வங்கியில், எத்தனையோ பாரங்களில் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது யார் பெயர் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள்

அன்பான பெற்றோர்களே! சயாம் போனவர்களைப் பற்றி நம் எழுத்தாளர்கள் எழுதாமல் இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' போன்ற நாவல்கள் நம் நாட்டிலேயே பிறந்தவை. நூலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஆனால் ஒவ்வொரு வீட்டுக் கதையையும் எழுத்தாளர் வந்து எழுத முடியாது. அது அந்தந்த வீட்டாரின் கடமை.

சயாம் போன தகப்பனை நேரில் கண்ட பிள்ளைகள் இன்று தொண்ணூறைத் தொடுகிறார்கள். இன்னும் சில ஆண்டுகள் போனால் கேட்க ஆளிருக்காது. ஆகவே இந்த விழா முடிந்து வீட்டுக்குப் போனதும், பெரியவர்களின் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். அந்தப் பெயர் யார், எந்தத் தோட்டம், என்ன வேலை, எங்கே போனார் என்று கேளுங்கள். கேட்டதைத் தேதியோடு எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. நம் வகுப்பில் ஒரு தடித்த குறிப்பேடு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் என் கொள்ளுப்பாட்டனார் பெயரை எழுதிவிட்டேன். மற்றப் பக்கங்கள் காலியாக இருக்கின்றன. உங்கள் வீட்டில் கேட்டு, ஆளுக்கொரு பெயராவது கொண்டு வாருங்கள். சயாம் போனவர்தான் என்றில்லை. பால் வெட்டியவர், ரயில்வேயில் கட்டை மாற்றியவர், ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர், யாராக இருந்தாலும் சரி. பட்டியல் இருந்தவர்களுக்குக் கல் கிடைத்தது என்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

கடைசி வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்ட தம்பிக்கு இப்போது விடை சொல்லிவிடுகிறேன். ஆமாம்பா, அந்த ரயில் இப்பவும் ஓடுது. பள்ளிப் பிள்ளைகளையும் காய்கறி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு, அந்த மரப்பாலத்தின் மேல் மெதுவாக, மிக மெதுவாக ஓடுது.